இரண்டு பேருக்கும் பொதுவான கோப்புறை

இரண்டு கணினிகளுக்கு நடுவே ஒரு கம்பி போடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கடையில் நீலத்திலும் கிடைக்கும், சாம்பல் நிறத்திலும் கிடைக்கும். நான் நீலம் வாங்கிவரச் சொன்னேன். சுவரோரமாக ஓட்டி, கதவு நிலையில் ஆணி அடித்து, காலில் சிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். எங்கள் வீட்டில் அந்தக் கம்பியில் இதுவரை யாரும் தடுக்கி விழுந்ததில்லை.

நீங்கள் கேட்டது தெருவில் நடந்ததைப் பற்றி. அக்கா ஏன் லாரிக்கு முன்னால் காலை எடுத்து வைத்தாள், பக்கத்தில் நின்ற நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். ஆனால் தெருவிலிருந்து தொடங்கினால் என்னைத் தவறாக நினைத்துவிடுவீர்கள். அதனால் கம்பியிலிருந்து வருகிறேன்.

அக்காவுக்கு ஒன்றாம் வகுப்புப் பாடங்கள் எழுதும் வேலை. ஒரு பதிப்பகத்துக்காக வீட்டிலிருந்தே எழுதுவாள். "இது வீடு. இது கதவு. கதவு திறந்திருக்கிறது." இப்படி. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் ஒரு வாக்கியத்துக்கு அவள் அரை நாள் யோசிப்பாள். நான் அந்தப் பாடங்களுக்குப் படம் வரைவேன். அவள் கதவு என்று எழுதினால் நான் கதவு வரைவேன். எங்களுக்குப் பெற்றோர் இல்லை. இரண்டு அறைகள், ஓர் அறையில் அவள் மேசை, இன்னோர் அறையில் என் மேசை.

அவளுடைய கணினி பதிப்பகம் கொடுத்தது. எல்லா அலுவலகங்களிலும் இருக்கும் வகை. என்னுடையதை, பழைய கணினிகளைப் பிரித்து விற்கும் கடையிலிருந்து பாகம் பாகமாக வரவழைத்து நானே சேர்த்தேன். அவளுடைய கணினியை இயக்கும் அமைப்பை இதில் போட்டுப் பார்த்தேன். மாடி ஏறிய கிழவர் போல மூச்சு வாங்கியது. அதை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் இன்னொரு அமைப்பைப் போட்டேன். அதில் வேகமாக ஓடியது. ஆனால் ஒரு சங்கடம். அக்காவின் பாடத்தை பென் டிரைவில் கொண்டுவந்து என் கணினியில் திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக நிற்கும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

"ஐயையோ, என் பிள்ளைங்களுக்குக் கை கால் எல்லாம் தனித்தனியா கிடக்குதே" என்பாள் அக்கா, என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு. பிறகு, "ரெண்டும் ஒரே வீட்டுலதான் இருக்குதுங்க. பேச்சுவார்த்தைதான் கிடையாது. நம்ம அப்பாவும் பெரியப்பாவும் மாதிரி" என்று சிரிப்பாள்.

எழுத்துருவை நான் சரிசெய்தேன். கம்பியும் போட்டேன். "உன் பக்கம் ஒரு ஃபோல்டரைப் பொதுவா வெச்சிடு அக்கா. நான் என் பக்கத்துலேர்ந்தே அதைத் திறந்துக்கறேன். பென் டிரைவைத் தூக்கிட்டு அலைய வேண்டாம்" என்றேன். அவள் கணினியில் ஒரு கோப்புறையை உருவாக்கி அதற்குப் 'பொது' என்று பெயர் வைத்தேன். அதில் எனக்கு என்ன உரிமை வேண்டும் என்று கணினி கேட்டது. படிக்க மட்டுமா, எழுதவும் மாற்றவுமா.

"எல்லாத்துக்கும் டிக் போடு. உனக்கு இல்லாத உரிமையா?" என்றாள் அக்கா. இது நான் இட்டுக்கட்டிச் சொல்வதல்ல. அவளே சொன்னாள்.

அதன்பிறகு அந்தக் கோப்புறை இரண்டு திரைகளிலும் தெரிந்தது. அவள் ஒரு பாடத்தைப் போட்டால் அடுத்த நொடி என்னிடம் இருக்கும். நான் ஒரு படத்தைப் போட்டால் அவளிடம் இருக்கும். கொஞ்ச நாளில் வேறு எங்கும் சேமிக்கச் சோம்பல்பட்டு எல்லாவற்றையும் அதிலேயே போட ஆரம்பித்தாள். பாடங்கள், மின்கட்டண ரசீது, அவருக்கு எழுதிப் பார்த்த கடிதங்கள் எல்லாம்.

அவர் என்றால் கண்ணாடிக்காரர். நான்தான் அப்படிப் பெயர் வைத்தேன். பதிப்பகத்தின் தலைமை அலுவலகம் வேறு ஊரில் இருக்கிறது. அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள் அவர். அக்காவின் கணினி தகராறு செய்யும்போதெல்லாம் தொலைபேசியில் சொல்லிக்கொடுப்பார். பிறகு கணினி சரியாக இருக்கும்போதும் பேசினார்கள். ஒருமுறை வீட்டுக்கு வந்தார். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என் அறை வாசலில் நின்றார்.

"பூனைங்கறது நீதானா? மாமான்னு கூப்பிடலாம் பூனை. கடிக்க மாட்டேன்."

வீட்டில் நான் நடப்பது காதில் விழாது என்பதால் அக்கா என்னைப் பூனை என்பாள். அதை அவரிடமும் சொல்லியிருக்கிறாள். அவர் என் கணினியைப் பார்த்து, "நீயே போட்டதா? எங்க ஆபீஸ்லயே இதைத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர்தான்" என்றார். நல்ல மனிதர்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கல்யாணம் முடிவானது. "நீயும் எங்ககூடதான் வர்றே" என்றாள் அக்கா. "உனக்குன்னு தனி ரூம். ஜன்னலைத் திறந்தா நேரே பஸ் ஸ்டாண்ட். உனக்குப் பொழுது போறதே தெரியாது."

மேடம், எனக்குச் சாலை என்றால் பயம். சின்ன வயதிலிருந்தே. பள்ளியைப் பாதியில் விட்டதற்கு எல்லோரும் ஏதேதோ காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம், பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சாலை இருந்தது. அக்கா கையைப் பிடித்துக்கொண்டால் கடப்பேன். அவள் அப்போது வெளியே ஒரு வேலைக்குப் போனபிறகு பிடிக்க ஆள் இல்லை. வீட்டிலேயே இருந்துவிட்டேன். அழைப்புமணி அடித்தால் எனக்குக் கை வியர்க்கும். மாடிப்படியில் புதுச் செருப்புச் சத்தம் கேட்டால் மூச்சை அடக்கிக்கொள்வேன். அக்கா போய்க் கதவைத் திறந்து, "பால்காரர்தான்டி" என்று சொன்னபிறகுதான் மூச்சு வரும். இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. அந்த வீட்டில் பயப்படும் வேலை முழுவதும் என்னிடம் இருந்தது, அவ்வளவுதான். அவளுக்கு அதில் பங்கே இல்லை.

முதல் சம்பவம் நான் செய்தது அல்ல. இதைத் தயவுசெய்து தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கணினிக்கும் உள்ளே ஒரு சின்னக் கடிகாரம் உண்டு. அவளுடைய அமைப்பு அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். என்னுடையதில் அந்தக் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடியது, என் அமைப்போ அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொண்டது. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டபோது நான் அதைச் சரிசெய்யவில்லை. அதனால் என் கணினி சில மணி நேரம் பின்னால் வாழ்ந்துகொண்டிருந்தது. நான் காலையில் சேமிக்கும் கோப்பில் விடிவதற்கு முந்தைய நேரம் பதிவாகும்.

ஒருநாள் காலை அக்கா கடைக்குப் போயிருந்தபோது, படத்துக்காக அவளுடைய பாடம் ஒன்றைத் திறந்து படித்தேன். மூடும்போது பழக்கதோஷத்தில் சேமித்துவிட்டேன். அவள் வந்து கணினி முன் உட்கார்ந்தாள்.

"பூனை, விடியறதுக்கு முன்னாடி எழுந்து கம்ப்யூட்டர்ல ஏதாவது பண்ணினியா?"

"இல்லையே அக்கா."

"இந்தப் பாடத்தை யாரோ அந்நேரத்துல சேவ் பண்ணியிருக்காங்க."

"நான் தூங்கிட்டு இருந்தேன் அக்கா."

"நானும்தானே தூங்கினேன்" என்றாள்.

அவள் நேரத்தைப் பற்றித்தான் கேட்டாள். நான் நேரத்தைப் பற்றித்தான் பதில் சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கடிகாரத்தைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவள் திரும்பி வீட்டுக் கதவைப் பார்த்தாள். எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள். சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பார்வையை நான் கண்டதே இல்லை. கண்ணாடியில் பார்த்திருக்கிறேன், என் முகத்தில்.

அன்று இரவு தலையணையை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். "சும்மா, அந்த ரூம்ல புழுக்கமா இருக்கு" என்றாள். நான் நகர்ந்து படுத்து இடம் கொடுத்தேன். அவள் கை என் கைமேல் இருந்தது, வியர்த்திருந்தது. அன்று எனக்கு நல்ல தூக்கம். மாடிப்படியில் யார் நடந்தாலும் பயப்பட இன்னொரு ஆளும் இருக்கிறாள் என்ற நிம்மதி.

கடிகாரத்தை நான் திருத்தவில்லை.

அடுத்து நடந்ததெல்லாம் நான் செய்ததுதான். ஆனால் செய்தது மிகவும் கொஞ்சம். ஒரு புள்ளி வைத்தேன்.

என் அமைப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கோப்பின் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்துவிட்டால் அதை அது பட்டியலில் காட்டாது. கணினிக்கே உரிய வீட்டு விஷயங்கள், ஆட்கள் பார்க்க வேண்டியதில்லை என்று மறைத்து வைக்கும். அவளுடைய அமைப்புக்கு இந்த நாசூக்கெல்லாம் தெரியாது. புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும். ஆக, ஒரே கோப்புறை. அதில் ஒரு கோப்பு அவள் திரையில் இருக்கும், என் திரையில் இருக்காது. இது என் தந்திரம் இல்லை. அந்த இரண்டு அமைப்புகளும் செய்யப்பட்ட விதமே அப்படி.

அவள் குளிக்கப் போயிருந்தபோது பொதுக் கோப்புறையில் ஒரு கோப்பு எழுதிவைத்தேன். அவள் பாணியிலேயே எழுதினேன். இத்தனை வருடம் அவளுக்குப் படம் வரைந்தவளுக்கு அந்த நடை வராதா?

"இது வீடு. வீட்டில் இரண்டு பேர். ஒருவர் போகிறார். இது கதவு. கதவு மூடவில்லை. யார் வருகிறார்?"

அவ்வளவுதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் படிக்கலாம். என் கடிகாரம் அதில் விடிவதற்கு முந்தைய நேரத்தைப் பதித்தது.

தலையில் துண்டோடு வந்து உட்கார்ந்தவள் என்னைக் கூப்பிட்டாள். குரல் சின்னதாக இருந்தது. "இங்க வாயேன். இதை நானா எழுதினேன்?" நான் என் அறையிலிருந்தே, "எதுக்கா? இரு, இங்கேயே பார்க்கறேன்" என்றேன். அவளே வந்தாள். என் திரையில் அதே கோப்புறை திறந்திருந்தது. பாடங்கள் இருந்தன, படங்கள் இருந்தன, மின்கட்டண ரசீது இருந்தது. அந்தக் கோப்பு இல்லை.

"ரெண்டும் ஒரே ஃபோல்டர்தானே?" என்றாள்.

"ஒரே ஃபோல்டர்தான் அக்கா. உன்கிட்ட இருக்கறதுதான் இங்க தெரியும்."

அவள் தன் அறைக்குப் போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டி, இரண்டு அறைகளுக்கும் நடுவே தரையில் ஒரு பாதையே விழுந்துவிட்டது. அதை நான்தான் துடைத்தேன்.

அவள் தூக்கத்தில் எழுந்து எழுதுகிறாளோ என்று அவளுக்கே ஒரு சந்தேகம். படுக்கும்போது தன் முந்தானையை என் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டாள். "நான் எழுந்தா உனக்குத் தெரியும்ல? இழுக்கும்ல?" காலையில் முடிச்சு அப்படியே இருந்தது. அவள் சிரித்தாள். எழுந்துபோய்க் காபி போட்டாள், பாட்டு முணுமுணுத்தாள், குளிக்கப் போனாள். குளித்துவிட்டு வந்து பார்த்தபோது புதிய கோப்பு இருந்தது. விடிவதற்கு முந்தைய நேரம். "இது கை. இது கயிறு. கயிறு யாரைக் கட்டியிருக்கிறது?"

அவள் கத்தவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு சுவர்வரை போய், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். அப்படித்தான் நானும் நிற்பேன், சின்ன வயதில், பள்ளி வாசலில். எனக்கு அவள்மேல் அவ்வளவு பிரியம் வந்தது.

மூன்றாவது முறை அவள் என் அறைக்கு வரவில்லை. என் கையைப் பிடித்துத் தன் திரைமுன் இழுத்துக்கொண்டு போனாள். அந்தக் கோப்பின்மேல் விரலை வைத்தாள். கண்ணாடி அழுந்தும் அளவுக்கு வைத்தாள்.

"இதோ. என் விரலுக்குக் கீழே. தெரியுதா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

அதுவரை நான் பொய் சொல்லவில்லை, மேடம். அவளை என் திரைக்கு வரவைத்தேன், அவ்வளவுதான். இப்போது அவள் திரைமுன் நின்றேன். கோப்பு இருந்தது. நான் எழுதியது. அவள் விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆமாம் என்று சொன்னால் அந்த நடுக்கம் நின்றுவிடும். நின்றால் பெட்டி கட்டுவாள். அந்த பஸ் ஸ்டாண்ட் ஜன்னல் என் கண்முன் வந்தது.

"எங்கே அக்கா?" என்றேன்.

அவள் விரலை எடுக்கவே இல்லை. ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

மருத்துவரிடம் போனோம். போனோம் என்றால் அவள் போனாள், நான் வீடியோவில் பேசினேன். மருத்துவர் வயதான அம்மாள், பொறுமையாகக் கேட்டார். கல்யாணப் பதற்றம், தூக்கக் குறைவு, கொஞ்சம் மாத்திரை என்றார். பிறகு ஒரு யோசனை சொன்னார். அந்த யோசனையை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ஒரு விஷயம் இருக்கா இல்லையான்னு சந்தேகம் வந்தா, உங்களோட வாதாடிக்கிட்டு இருக்காதீங்க. நீங்க நம்பற ஒருத்தர்கிட்ட கேளுங்க. அவங்களுக்கும் தெரிஞ்சா, இருக்கு. தெரியலைன்னா விட்டுடுங்க. வீட்டுல அப்படி யார் இருக்காங்க?"

"தங்கச்சி இருக்கா" என்றாள் அக்கா.

அவள் எப்போதுமே சொன்னதைச் செய்பவள். அன்றிலிருந்து கேட்க ஆரம்பித்தாள். அடுப்பு எரிகிறதா? குழாய் சொட்டுகிறதா? வாசலில் நிழல் இருக்கிறதா? பெரும்பாலும் உண்மையைத்தான் சொன்னேன். உண்மையே சொல்லாவிட்டால் யார் நம்புவார்கள்? எப்போதாவது ஒன்றை மாற்றிச் சொன்னேன். குழாய் சொட்டிக்கொண்டிருக்கும், இல்லை என்பேன். அவள் கேட்டுக்கொண்டே நிற்பாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவாள். வாளி நிரம்பி வழிந்தபிறகு நானே போய் மூடுவேன்.

வேலை நின்றுபோனது. கதவு என்று எழுதிவிட்டு, "கதவுன்னுதானே எழுதியிருக்கேன்?" என்று கேட்பாள். கல்யாணத்தைத் தள்ளிவைத்தாள். "இந்த நிலைமைல அவரைப் போய் ஏன்டி கஷ்டப்படுத்தணும்" என்றாள். அவர் தொலைபேசியில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஒருநாள் சாயங்காலம் அவரே வந்துவிட்டார். மணி அடித்தது. திரும்பத் திரும்ப அடித்தது.

"பெல் அடிக்குதா?" என்று கேட்டாள் அக்கா, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

"இல்லை அக்கா."

"அவர் குரல் மாதிரி..."

"யாரும் இல்லை அக்கா."

அவள் காதுகளைப் பொத்திக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எனக்கும் கை வியர்த்தது. பயந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான், மேடம். அவள் மட்டும்தான் பயந்தாள் என்று நினைக்காதீர்கள். பிறகு செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. அவள் என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். சின்ன வயதில் நான் அவள் மடியில் படுத்ததுபோலவே. தலையைத் தடவிக்கொடுத்தேன். எங்கள் வீட்டில் இத்தனை அமைதி எப்போதும் இருந்ததில்லை.

அப்படியே இருந்திருக்கலாம். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அவர்தான் விடவில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் மறுபடி கூப்பிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். எதற்காகவோ அன்று அவள் எடுத்துவிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்த ஃபைல்லாம் இப்பவும் இருக்குங்களா?" என்றார்.

"எனக்குத் தெரியுது. பூனைக்குத் தெரியலை. அப்ப இல்லைன்னுதானே அர்த்தம்."

"பேர் என்னன்னு படிங்க, பார்ப்போம்."

அவள் படித்தாள். "புள்ளி, வீடு. புள்ளி, கயிறு. புள்ளி, யார்."

"புள்ளியா?"

"எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு புள்ளி இருக்கும். ஏன்?"

அடுப்படியில் நான் கரண்டியைக் கீழே வைத்தேன். சத்தம் வராமல் வைத்தேன்.

"ஒண்ணும் இல்லைங்க" என்றார். குரல் மாறியிருந்தது. "நாளைக்கு முதல் பஸ்ஸுல கிளம்பி வர்றேன். ரெண்டு கம்ப்யூட்டரையும் நான் பார்க்கணும். அதுவரைக்கும் எதையும் அழிக்காதீங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க. கேட்டுக்கிட்டீங்களா? உங்களுக்கு ஒண்ணுமே இல்லை."

அக்கா அடுப்படிக்கு ஓடிவந்தாள். "பூனை, அவர் வர்றாராம். எனக்கு ஒண்ணும் இல்லைங்கறார்டி. நிஜமாவே சொன்னாரா? நீயும் கேட்டேல்ல?"

"கேட்டேன் அக்கா" என்றேன்.

கோப்புகளை அழித்திருக்கலாம். என் பக்கத்திலிருந்து அழித்தால் அவள் கணினியின் குப்பைத்தொட்டியில்கூட விழாது, போனது போனதுதான். ஆனால் அவர் காதில் விழுந்த புள்ளியை எந்தக் கணினியிலிருந்து அழிப்பது? அவர் வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, மறைந்ததைக் காட்டு என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எல்லாம் என் திரையிலும் வரிசையாக வந்து நிற்கும். அக்கா அதைப் பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை நினைத்துப் பார்த்தேன். எனக்கு எந்தச் சாலையைக் கண்டும் அவ்வளவு பயம் வந்ததில்லை.

மறுநாள் அவள் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள். அவர் இறங்கும் நிறுத்தம் எங்கள் தெருமுனையில், சாலைக்கு எதிர்ப்பக்கம். "நானே போய்க் கூட்டிட்டு வர்றேன். ஆனா தனியாப் போகப் பயமா இருக்கு. எது நிஜம் எது இல்லைன்னு தெரியலை. நீயும் வர்றியா?" என்றாள். பிறகு தானாகவே, "வேண்டாம், வேண்டாம், உனக்கு ரோடுன்னா ஆகாது" என்றாள்.

"வர்றேன் அக்கா" என்றேன்.

அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. என் தலையை அவளே வாரிவிட்டாள்.

எத்தனையோ நாளுக்குப் பிறகு படியிறங்கினேன். வெயிலில் கண் கூசியது. பழைய டயர் கடையைத் தாண்டி, மருந்துக்கடையைத் தாண்டி, சாலை ஓரத்தில் போய் நின்றோம். எதிர்ப்பக்கம் பேருந்து நின்றிருந்தது. கண்ணாடிக்காரர் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் கைகள் மாறிவிட்டன என்று அப்போது தோன்றியது. முன்பு நான் பிடித்திருப்பேன்; இப்போது அவள் பிடித்திருந்தாள்.

வலப்பக்கமிருந்து ஒரு சரக்கு லாரி வந்துகொண்டிருந்தது. சிவப்பு நிறம். வேகம் அதிகம் இல்லை, குறைவும் இல்லை.

"அவர் நிக்கறார்தானே?" என்றாள்.

"நிக்கறார் அக்கா."

"வண்டி ஏதாவது வருதா?"

நான் திரும்பிப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். ஓட்டுநரின் முகம்கூடத் தெரிந்தது.

"இல்லை அக்கா."

"எனக்கு ஒரு லாரி தெரியுதேடி. சிவப்பா."

"எங்கே அக்கா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். தப்பாகப் படித்துவிட்ட பிள்ளை சிரிப்பதுபோல, கொஞ்சம் வெட்கமாக. பிறகு என் கையை விட்டுவிட்டு, எதிரே நின்றவரைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

அவர் எதிர்ப்பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் லாரியைப் பார்த்ததையும், வாய் திறந்து பேசியதையும் அவர் பார்த்தார். அதைத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறார். பிறகு வீட்டுக்குப் போய் இரண்டு கணினிகளையும் திறந்து பார்த்திருக்கிறார். அவர் சொன்னதெல்லாம் சரி. என் பக்கம் பதிவான நேரங்களும் சரிதான். அவற்றோடு சில மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். கோப்புகளை எழுதியது நான். கடிகாரத்தைத் திருத்தாமல் விட்டது நான். லாரி வந்தது எனக்குத் தெரியும். வரவில்லை என்று சொன்னேன். வரவில்லை என்று நான் சொன்னால் அவள் நடப்பாள் என்றும் எனக்குத் தெரியும். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம். ஆஸ்பத்திரியிலிருந்து செவிலியர் ஒருத்தர் வந்து உங்களிடம் பேசியது எனக்கும் கேட்டது. அக்காவுக்கு நினைவு திரும்பிவிட்டதாம். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லையாம். ஆனால் கட்டு மாற்ற விடமாட்டேன் என்கிறாளாம். "எனக்கு அடியே படலைங்க. வண்டி எதுவும் வரலை. என் தங்கச்சி பார்த்துச் சொன்னா" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாளாம். கால் இருக்கிறதா என்று கேட்கிறாளாம். யார் பதில் சொன்னாலும் நம்பவில்லையாம். அவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தும் பயனில்லை. நீங்க நிஜமாவே இருக்கீங்களா, பூனையைக் கூப்பிடுங்க, அவகிட்ட கேட்கணும் என்கிறாளாம்.

பார்வை நேரம் முடிவதற்குள் என்னை அங்கே அனுப்பிவிடுங்கள், மேடம். சாலையைக் கடக்க யாராவது என் கையைப் பிடித்துக்கொண்டால் போதும். நான் பக்கத்தில் இல்லாவிட்டால், எது இருக்கிறது, எது இல்லை என்று பாவம் அவளுக்கு யார் உண்மையைச் சொல்வார்கள்?